பிய்த்தால் பெருகும்: கடல்நீர்த் தொட்டியில் கண்ணாடி அனிமனியை ஒழிக்கும் வழி

கல்லில் ஒட்டி நிற்கிற அந்தப் பழுப்புப் பூவைக் கண்டவுடன் எல்லாருக்கும் நகத்தால் சுரண்டி எடுக்கத்தான் மனம் வரும். சுரண்டாதீர்கள். அது பூ இல்லை, அனிமனி என்ற கடற்பிராணி. ஐப்டேசியா என்கிற கண்ணாடி அனிமனியின் அடிப்பாதத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு துணுக்கு கல்லில் மிஞ்சினாலும் போதும், கொஞ்ச நாளில் அது வாயும் கைகளும் முளைத்த முழுப் பிராணியாகி நிற்கும். யாரும் தொடாவிட்டாலும் அது கல்லின் மேல் மெல்ல நகரும்போது பாதத்திலிருந்து துணுக்குகளை விட்டுவிட்டுத்தான் போகும். அதன் பிள்ளைப்பேறே அப்படித்தான். நீங்கள் பிளேட்டைக் கொண்டு போனால் அதற்குப் பேறு பார்த்துவிட்டு வருகிறீர்கள் என்றுதான் அர்த்தம்.

நான் மட்டக்களப்பில், கல்லடி என்ற ஊரில் இருக்கிறேன். ஒரு காலத்தில் அலங்கார மீன் பிடிக்கக் கடலில் முங்கினவன். காது வலி வந்த பிறகு முங்குவதை விட்டுவிட்டு மற்றவர்களின் தொட்டிகளைப் பார்த்துக்கொள்கிறேன். பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலின் வரவேற்பறைத் தொட்டி, கல்முனையில் ஒரு பல் வைத்தியரின் தொட்டி, காத்தான்குடியில் ஒரு புடவைக் கடைத் தொட்டி, இன்னும் சில வீட்டுத் தொட்டிகள். முதல் மூன்றிலும் இந்தச் சனியன் வந்தது. மூன்றிலும் ஒரே வைத்தியம் சரிவரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஆளைச் சரியாக அடையாளம் காணுங்கள். ஐப்டேசியாவுக்கு நீண்ட மெல்லிய உடம்பு, நுனி கூரான நீளக் கைகள், தேயிலைச் சாயம் போன பழுப்பு நிறம். வெளிச்சம் குறைந்த இடத்தில் இருப்பது ஏறக்குறைய கண்ணாடி மாதிரித் தெரியும். விரலைக் கிட்டக் கொண்டுபோனால் சட்டென்று ஓட்டைக்குள் இழுத்துக்கொள்ளும். நன்றாகக் கோபப்படுத்தினால் உடம்பிலிருந்து வெள்ளை நூல் மாதிரி எதையோ கக்கும். அந்த நூல் முழுக்கக் கொட்டும் கலங்கள். பக்கத்தில் இருக்கிற முருகை உயிரிகளை அது எரிப்பது இப்படித்தான். மற்ற ஆள் மஜானோ, அதுவும் இதைப்போல தொல்லை தரும் அனிமனிதான். அது குட்டை, தடித்த கை, நுனி உருண்டு சில நேரம் பச்சை பளபளக்கும். பார்க்க வடிவானது, அதனாலேயே பலபேர் அதைப் 'பாவம்' என்று விட்டுவிடுகிறார்கள். ஆசைக்கு வளர்க்கிற குமிழ்நுனி அனிமனியின் குட்டி என்று நினைத்துக் காசு கொடுத்து வாங்கினவரும் உண்டு. குழாய்க்குள் இருந்து விசிறி விரிக்கிற புழு வேறு சாதி, அது நல்ல பிள்ளை. அதைக் கொல்லாதீர்கள். விசிறியின் அடியில் காகிதம் மாதிரி ஒரு குழாய் இருக்கும், பார்த்தால் தெரியும்.

இது எங்கிருந்து வந்தது என்று வீட்டுக்காரர் எல்லாரும் கேட்பார்கள். கல்லோடு வந்தது, சிப்பியோடு வந்தது, கடைக்காரர் சும்மா தந்த பாசிக் கொத்தோடு வந்தது. கண்டல் வேர், துறைமுகத் தூண், படகின் அடி என்று உலகம் முழுக்க இது பிடித்துக்கொண்டு வாழும். வெளிச்சம் இருந்தால் உடம்புக்குள் இருக்கிற நுண்பாசி சாப்பாடு செய்து கொடுக்கும். வெளிச்சம் இல்லாவிட்டால் அந்தப் பாசியை இழந்து வெளுத்துப்போய், தண்ணீரில் மிதந்து வருவதைப் பிடித்துத் தின்றுகொண்டு உயிரோடு கிடக்கும். 1998இல் கடல் சூடேறிப் பாசிக்குடாவின் முருகைக்கற்கள் வெளுத்தபோது அவை பட்டினியில் செத்தன. முருகையைக் கொன்ற அதே வெளுப்பு இதற்கு ஒரு சாப்பாட்டு மாற்றம், அவ்வளவுதான். ஆய்வுகூடங்களில் முருகைக்குப் பதிலாக இதை வைத்து ஆராய்ச்சி செய்வதும் இது இலேசில் சாகாது, வேகமாகப் பெருகும் என்பதால்தான். ஆகவே விளக்கை அணைத்துப்போட்டு இருட்டில் கொல்லலாம் என்ற யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள். அதற்கு முன் மற்றதெல்லாம் செத்துவிடும்.

புடவைக் கடைத் தொட்டியில் நடந்தது இதுதான். வேலை செய்கிற பிள்ளைகள் ஆளாளுக்கு மீனுக்குத் தீனி போடுவார்கள். காலையில் ஒருவர், மதியம் ஒருவர், வாடிக்கையாளரின் சின்னப் பிள்ளை அழுதால் அதற்கும் ஒரு பிடி. மீன் தின்று மிஞ்சினது முழுக்கக் கல்லிடுக்கில் இருந்த ஐப்டேசியாவுக்குப் போனது. நான் ஊசி போட்டுக் கொன்றுகொண்டே இருந்தேன், அவர்கள் தீனி போட்டு வளர்த்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் தீனி டப்பாவை முதலாளியின் லாச்சிக்குள் வைத்துப் பூட்டச் சொன்னேன். ஒரு நாளைக்கு ஒரு தடவை, மீன் ஒரு நிமிசத்தில் தின்று முடிக்கிற அளவு. உறைந்த இறால் போடுவதானால் முதலில் உருக வைத்து, அந்தச் சாற்றை வடித்து ஊற்றிவிட்டு, சதையை மட்டும் போட வேண்டும். அந்தச் சாறுதான் அனிமனிக்கு விருந்து. அதன் பிறகுதான் ஊசி வேலைக்குப் பலன் கிடைத்தது. எந்தத் தொட்டியிலும் நான் இப்போது முதலில் கேட்பது 'யார் தீனி போடுறது?' என்பதைத்தான்.

சரி, ஊசி வேலை.

எனக்குப் பிடித்த மருந்து சுண்ணாம்பு. வெற்றிலைக்குப் பூசுகிற அதே சாமான், கல்சியம் ஐதரொட்சைட்டு. மீன் கடைகளில் இதையே தூளாக அடைத்து நல்ல விலைக்கு விற்கிறார்கள். வாங்க வசதி இருந்தால் அதை வாங்குங்கள், சுத்தமானது, நிறுத்துப் போட வசதி. வெற்றிலைக் கடைச் சுண்ணாம்பு எடுப்பதானால் நிறம் போட்டது வேண்டாம், வெள்ளையாக இருக்க வேண்டும். புதிதாக இருக்க வேண்டும், காற்றுப் புகாமல் மூடி வைத்ததாக இருக்க வேண்டும். திறந்து கிடந்த சுண்ணாம்பு காற்றில் உள்ள காபனீரொட்சைட்டைப் பிடித்து வெறும் சோக்காக மாறிவிடும். அதைப் பூசினால் அனிமனிக்குப் பவுடர் போட்ட மாதிரிதான். சுவருக்கு வெள்ளையடிக்கிற சுண்ணாம்பும் வேண்டாம், அதில் டொலமைட்டும் வேறு கலவைகளும் இருக்கலாம்.

பார்மசியில் 5 மில்லிலீற்றர் சிறிஞ்சும் 18 நம்பர் ஊசியும் வாங்குங்கள். இன்சுலின் ஊசி இதற்கு உதவாது, முதல் சொட்டிலேயே அடைத்துக்கொள்ளும். ஊசியின் கூர் நுனியை அரத்தால் தேய்த்து மழுங்கடித்துக்கொள்ளுங்கள். குத்துவது நம் நோக்கமில்லை, கையும் தப்பும். சுண்ணாம்பைச் சுத்தமான தண்ணீரில் குழைக்க வேண்டும். மோருக்கும் எருமைத் தயிருக்கும் நடுவே ஒரு பதம். தண்ணீராக இருந்தால் தொட்டி முழுக்கப் பால் மாதிரிக் கலங்கும், கெட்டியாக இருந்தால் ஊசியில் இறங்காது. கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள், கையுறை போடுங்கள். இதன் பிஎச் 12க்கு மேல். அடைத்த ஊசியை அமுக்கும்போது சிறிஞ்ச் கழன்று முகத்தில் அடிப்பதுண்டு. கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய சாமான் இது.

பம்புகளை நிறுத்துங்கள். தண்ணீர் அசையாமல் நிற்க வேண்டும். ஒரு சின்ன இறால் துணுக்கை அனிமனியின் பக்கம் மிதக்க விட்டால் அது வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கும். ஊசியை மேலிருந்து மிக மெதுவாகக் கொண்டுவந்து, தொடாமல், நேரே வாய்க்கு மேலே ஒரு சொட்டு இறக்குங்கள். அது அதைத் தின்னப் பார்க்கும். தின்னும்போதே அடுத்த சொட்டைப் போட்டு முழுதாக மூடிவிடுங்கள். சுருங்கி ஓட்டைக்குள் போனால் அந்த ஓட்டையையும் சேர்த்து அடையுங்கள். பக்கத்தில் இருக்கிற நல்ல உயிரியின் மேல் விழுந்தால் அதுவும் எரியும், அதனால் கை நடுங்குகிறவர்கள் இன்னொருவரைக் கூப்பிடுவது நல்லது. பல் வைத்தியர் இதை என்னைவிட வடிவாகச் செய்வார், அவரது தொழில் அப்படி.

இருபது நிமிசம் விட்டு, காற்றுக் குழாய் மாதிரி மெல்லிய ரியூப்பால் அந்த வெள்ளைப் பசையை உறிஞ்சி வாளிக்குள் எடுத்துவிடுங்கள். பிறகு பம்பைப் போடுங்கள். நமது பக்கத்து வெக்கையில் தொட்டித் தண்ணீர் 28, 29 பாகையில் நிற்கும். சூடான தண்ணீரில் ஒட்சிசன் குறைவு, ஆகவே அரை மணித்தியாலத்துக்கு மேல் பம்பை நிறுத்தி வைக்காதீர்கள். யாரோ தேத்தண்ணீர் குடிக்கக் கூப்பிட்டார் என்று எழுந்து போய்விடவும் வேண்டாம்.

எத்தனையைக் கொல்லலாம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 1 கிராம் உலர்ந்த சுண்ணாம்புத் தூள் 200 லீற்றர் தண்ணீரின் காரத்தன்மையை ஏறக்குறைய 0.4 டிகேஎச் (காரத்தன்மையை அளக்கும் அலகு) உயர்த்தும், பிஎச்சையும் சேர்த்துத் தூக்கும். அந்த அளவைத் தொட்டி தாங்கும். அதைப் போல நாலு மடங்கை ஒரே நாளில் போட்டால் மீன் மூச்சு வாங்க மேலே வரும். 200 லீற்றர் தொட்டிக்கு ஒரு நாளைக்கு அரைத் தேக்கரண்டித் தூள் என்பதைக் கோடாக வைத்துக்கொள்ளுங்கள். வெற்றிலைக் கடையின் ஈரச் சுண்ணாம்பில் ஏறக்குறைய பாதி தண்ணீர்தான், நிறுக்கும்போது அதையும் யோசியுங்கள். செத்த அனிமனிகள் அழுகித் தண்ணீரைக் கெடுப்பதும் இருக்கிறது. ஆகவே பெரியவை சிலவற்றை இன்றைக்கு, மிச்சத்தை இரண்டு மூன்று நாள் விட்டு. அன்றைக்குக் கரி வடிகட்டியைப் போட்டு விடுவது புத்தி.

சுண்ணாம்புக்குப் பதில் தேசிக்காய்ச் சாறு என்று சொல்லுவார்கள். வேலை செய்யும், ஆனால் அது பசை இல்லை, தண்ணீரில் கரைந்துவிடும். ஆகவே ஊசியை உடம்புக்குள் குத்தி ஏற்ற வேண்டும். அதற்குக் கூரான மெல்லிய ஊசி, விதையும் சக்கையும் இல்லாமல் வடித்த சாறு. கொதிதண்ணீரும் அப்படித்தான். குத்தும்போது அது சுருங்கிக் கல்லுக்குள் போனால் பாதி செத்தது மீதியை விட்டுவிட்டுப் போகும். கைபழகினவருக்கு மட்டும் என்பேன். கோஸ்டிக் சோடா, பற்றரி அசிற் இரண்டையும் யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். செத்துவிடும், உண்மைதான். உங்கள் தோலும் போகும்.

கல்லையே வெளியே எடுக்கலாம் என்றால் எடுங்கள், அதுதான் லேசான வழி. ஒன்றிரண்டு என்றால் உளியால் அந்தக் கல்லின் துண்டோடு சேர்த்து உடைத்து எடுக்கலாம். கல் முழுக்கப் பரவியிருந்தால் நன்னீரில் ஊறப்போட்டு, பிறகு கிழமைக் கணக்கில் வெயிலில் காய வையுங்கள். மட்டக்களப்பில் வெயிலுக்கா பஞ்சம்? ஆனால் கல்லை ஒருபோதும் அடுப்பில் வைத்து அவிக்க வேண்டாம். இதை இரண்டு தரம் சொல்ல வேண்டும்: அவிக்க வேண்டாம். கல்லில் ஸோவாந்திட் என்ற பூப்போன்ற உயிரிகள் ஒட்டியிருந்தால் அவற்றில் சிலவற்றுக்குள் பாலிடொக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. அவிக்கும்போது ஆவியோடு கிளம்பி வீட்டில் உள்ள எல்லாரையும் ஆஸ்பத்திரியில் போடும், வெளிநாடுகளில் அப்படிக் குடும்பமாகப் படுத்தவர்கள் உண்டு. அதே காரணத்துக்காகக் கல்லைக் காய்ந்த பிரஷ்ஷால் தேய்க்கவும் வேண்டாம், கையில் வெட்டுக்காயத்தோடு தொட்டிக்குள் கை போடவும் வேண்டாம். அசுத்தமான கல்லை எறிந்துவிட்டுக் கடலிலிருந்து புதுக் கல் எடுத்து வரலாம் என்றும் நினைக்காதீர்கள். முருகைக்கல் எடுப்பது இந்த நாட்டில் சட்டப்படி குற்றம், எடுத்த கரை எப்படி அரித்துக்கொண்டு போகிறது என்பது நமது ஊர்க்காரருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சீமெந்தில் வார்த்த கல்லோ உடைந்த மட்பாண்டமோ தாராளமாகப் போதும். சீமெந்தென்றால் பல கிழமை தண்ணீர் மாற்றி மாற்றி ஊறப்போட்டுக் காரத்தை எடுத்த பிறகு.

பம்ப், குழாய், சம்ப் (தண்ணீரை வடிகட்டக் கீழே வைக்கும் துணைத் தொட்டி) இவற்றில் ஒட்டியிருப்பதை யாரும் பார்ப்பதில்லை. கழற்றி வினாகிரி கலந்த தண்ணீரில் ஊறவைத்து வெயிலில் போடுங்கள். கண்ணாடியில் ஒட்டினதை மட்டும் பிளேட்டால் எடுக்கலாம், ஒரு கையில் உறிஞ்சு குழாய் அதன் மேலேயே இருக்க வேண்டும், கழன்ற துண்டு அத்தனையும் வாளிக்குள் போக வேண்டும்.

இனி, தின்னிகள்.

ஹோட்டல் தொட்டி பெரியது, கல் அடுக்கு உயரம், பின்பக்கத்துக்கு எந்த ஊசியும் எட்டாது. அப்படிப்பட்ட இடத்துக்கு இதைத் தின்கிற பிராணிதான் வழி. பெப்பர்மின்ட் இறால் என்பது நன்றாகத் தின்னும், சின்ன ஐப்டேசியாக்களை ஒரே இரவில் துடைத்துவிடும், பெரியவற்றைக் கண்டால் ஒதுங்கும். ஆகவே பெரியதைச் சுண்ணாம்பால் முடித்துவிட்டுச் சின்னதை இறாலுக்கு விடுங்கள். பகலில் பதுங்கும், ஒன்றாக இல்லாமல் மூன்று நான்காக விட வேண்டும், வயிறு நிறையத் தீனி கிடைத்தால் வேலை செய்யாது. பல் வைத்தியருக்கு ஒருவர் பெப்பர்மின்ட் என்று சொல்லி ஒட்டக இறாலை விற்றுவிட்டார். ஐப்டேசியா அப்படியே நிற்க, அவர் ஆசையாக வளர்த்த ஸோவாந்திட்டை அது தின்று தீர்த்தது. வித்தியாசம் இலகு: ஒட்டக இறாலுக்கு முதுகில் கூன், மேல்நோக்கிய மூக்கு, பெரிய கண், சிவப்புக்கு நடுவே பளிச்சென்ற வெள்ளைக் கோடும் புள்ளியும். பெப்பர்மின்டுக்கு உடம்பு மங்கலாக ஊடுருவித் தெரியும், நீளவாட்டில் சிவப்புக் கோடுகள், வெள்ளைப் புள்ளி கிடையாது. நமது கடலில் முங்குகிறவர்கள் கொண்டுவருகிற சிவப்பு நெருப்பு இறாலும், முதுகில் வெள்ளைக் கோடு போட்ட துப்புரவு இறாலும் வடிவானவைதான், இந்த வேலைக்கு அவற்றை நம்ப முடியாது.

செப்புப் பட்டை வண்ணத்துப்பூச்சி மீன் நீள மூக்கால் இடுக்கில் இருந்து கொத்தி எடுக்கும். ஆனால் சாப்பாட்டுக்குப் பிகு பண்ணும், புதுத் தொட்டியில் பட்டினி கிடந்து சாகும். கடையில் அது தீனி தின்பதைக் கண்ணால் கண்ட பிறகே வாங்குங்கள். கண்ணில் கறுப்புப் பட்டையிட்ட ரக்கூன் வண்ணத்துப்பூச்சி நமது கடலிலேயே இருக்கிறது, ஐப்டேசியாவையும் விரும்பித் தின்னும், ஆனால் அதோடு நிற்காது. விசிறிப் புழு, முருகை எல்லாவற்றையும் கொத்தும். மீன் மட்டும் இருக்கிற தொட்டிக்குச் சரி. ஹோட்டலில் அதைத்தான் விட்டோம், அங்கே வேறு பூ எதுவும் இல்லை. வண்ணத்துப்பூச்சி மீன்களில் சில வகைகளைப் பிடிக்கத் தடையும் கட்டுப்பாடும் உண்டு, பிடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் எந்த வகை என்று கேளுங்கள்.

பெர்கியா என்ற சின்னக் கடல் நத்தை ஐப்டேசியாவைத் தவிர வேறு எதையும் தின்னாது, இருக்கிற ஒன்றையும் விடாது. தின்று முடித்ததும் பட்டினியில் செத்துப்போகும். அதைப்போல நல்ல ஆள் இல்லை, ஆனால் நமது பக்கத்துக் கடைகளில் நான் அதைக் கண்டதில்லை. யாராவது கொண்டுவந்து தந்தால், பெப்பர்மின்ட் இறால் இருக்கிற தொட்டியில் விடாதீர்கள், இறால் அதைத் தின்றுவிடும். பம்பின் வாயில் பஞ்சு கட்டுங்கள். மஜானோவைப் பெர்கியா தொடவே தொடாது, இறாலும் பெரும்பாலும் தொடாது. மஜானோவுக்குச் சுண்ணாம்பும் உளியும்தான், அதுவும் ஒரு தரத்தில் முடியாது.

ஒரு கிழமைக்கு ஒரு தடவை, விளக்கு அணைந்த பிறகு ரோர்ச் அடித்துப் பாருங்கள். இரவில் கைகளை விரித்துக்கொண்டு நிற்கும், பகலில் தெரியாத குட்டிகள் அப்போது தெரியும். ஒன்றிரண்டாக இருக்கும்போதே முடிப்பது ஐந்து நிமிச வேலை. புதிதாக வருகிற எதையும் வேறு வாளியில் காற்றுப் பம்போடு ஒரு மாதம் வைத்து, இடையிடையே ஒரு சொட்டு இறால் சாறு விட்டுப் பாருங்கள். ஒளிந்திருந்தால் பசியில் வெளியே வரும். மார்கழி, தை மாதங்களில் மழை பெய்து வாவியின் முகத்துவாரத்தைக் கடலுக்கு வெட்டிவிட்டால் கரைக் கடல் கலங்கி உப்புக் குறையும், அந்த நாட்களில் தண்ணீர் மாற்றக் கடல்நீர் அள்ளாதீர்கள். உப்புத் திடீரென்று இறங்கினால் உங்கள் முருகை சுருங்கும், ஐப்டேசியா ஒன்றும் நடக்காத மாதிரி நிற்கும். முதலிலேயே அள்ளி மூடி வைத்த தண்ணீரையோ கடல்நீர்த் தொட்டிக்கென்று பைக்கற்றில் விற்கிற உப்பையோ பாவியுங்கள்.

உறிஞ்சி எடுத்த வாளித் தண்ணீரைக் கடலிலோ வாவியிலோ வாய்க்காலிலோ ஊற்ற வேண்டாம், அதில் உயிருள்ள துணுக்குகள் இருக்கும். முற்றத்து மணலில் ஊற்றுங்கள், தென்னைக்கு அடியில் ஊற்றினாலும் பாதகமில்லை. வாழைக்கு மட்டும் வேண்டாம், உப்பில் கருகிவிடும்.